முகமும் அதன் சூழலும்

தில்லியில் வாழும் நம்மவர் பலருக்கும் இது நேர்ந்திருக்கும். ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் பங்குனி உத்திரக் கூட்டம். எதிரே வந்த ஒருவர் நெற்றி நிறைய நீறுடன் நம்மைப் பார்த்துப் புன்னகை செய்கிறார். மிகவும் தெரிந்த முகம். நாமும் சிரிக்கிறோம், இரண்டு வார்த்தை பேசவும் செய்கிறோம். ஆனால் யார் என்பது மட்டும் பிடிபடவில்லை. அலுவலகத்தவரா? பழைய பக்கத்து வீட்டுக்காரரா? மனைவியைக் கேட்டால் அவருக்கும் அதே சங்கடம். இரண்டு நாள் கழித்து மருந்து வாங்கப் போகும்போது, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் அதே முகம் நின்றுகொண்டு நம் மருந்துச் சீட்டுக்குக் கை நீட்டுகிறது. ஐந்தாறு ஆண்டுகளாக மாதம் தவறாமல் பார்த்துவரும் மனிதர்!

இதை மறதி என்று சொல்லி வயதின் மேல் பழியைப் போடுவது நம் வழக்கம். ஆனால் இருபது வயது இளைஞருக்கும் இது நேர்கிறது. ஜார்ஜ் மாண்ட்லர் என்ற உளவியலாளர் 1980-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை விளக்க ஓர் உதாரணம் சொன்னார். வழக்கமாகக் கசாப்புக் கடையில் பார்க்கும் ஆளைப் பேருந்தில் பார்க்கிறோம். பார்த்த முகம் என்று உறுதியாகத் தெரிகிறது, யாரென்று தெரியவில்லை. அன்று முதல் இதற்கு 'பேருந்தில் கசாப்புக்காரர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. சைவ வாசகர்கள் மன்னிக்கவும், பெயர் வைத்தது நான் அல்ல.

மாண்ட்லர் சொல்ல வந்தது, 'பார்த்திருக்கிறேன்' என்ற உணர்வும் 'இன்னார்' என்ற அறிவும் இரண்டு தனித்தனி வேலைகள் என்பதே. முதலாவது சட்டென்று தானாக எழுவது. இரண்டாவதற்குத் தேட வேண்டும். தேடுவதற்கு ஒரு துப்பு வேண்டும். மருந்துக் கடை என்ற இடமே அந்தத் துப்பு. அதை எடுத்துவிட்டால் முகம் அநாதையாக நிற்கிறது. 1985-ல் இங்கிலாந்தில் யங், ஹே, எல்லிஸ் என்ற மூவர், 22 பேரிடம் நாட்குறிப்பு எழுதச் சொன்னார்கள். ஆட்களை அடையாளம் காண்பதில் அன்றாடம் நேரும் தடுமாற்றங்களையெல்லாம் அவர்கள் குறித்துவர வேண்டும். முகம் தெரிகிறது, ஆள் யாரென்று தெரியவில்லை என்பவை ஏராளம். ஆள் யாரென்று தெரிகிறது, பெயர் வரவில்லை என்பவையும் ஏராளம். ஆனால் பெயர் மட்டும் நினைவுக்கு வந்து, ஆள் யாரென்று தெரியாமல் போனதாக ஒரு குறிப்புக்கூட இல்லை. அதாவது முகத்திலிருந்து பெயருக்கு நேர்வழி கிடையாது. நடுவே ஆளின் தொழில், ஊர், நமக்கும் அவருக்கும் உள்ள உறவு என்ற கூடம் ஒன்று இருக்கிறது. அதைக் கடந்துதான் போக வேண்டும்.

முகத்தை மூளை எப்படிப் பார்க்கிறது என்பதில் இந்தச் 'சூழல்' எவ்வளவு ஆழமாகப் புகுந்திருக்கிறது என்று காட்டும் ஆய்வுகளை ஓய்வு பெற்ற பின்னர் ஆர்வத்துடன் படித்துவருகிறேன். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, தில்லியில் பிறந்து, தில்லி ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருக்கும் பவன் சின்ஹா செய்த ஒரு வேடிக்கை. 1996-ல் அவரும் டொமாசோ பொஜ்ஜியோவும் 'நேச்சர்' இதழில் ஒரு படம் வெளியிட்டார்கள். அதிபர் பில் கிளிண்டனும் துணை அதிபர் அல் கோரும் அடுத்தடுத்து நிற்கும் படம். பார்ப்பவர்கள் இருவரையும் தயக்கமின்றி அடையாளம் காண்கிறார்கள். ஆனால் உண்மையில் அந்தப் படத்தில் கண், மூக்கு, வாய் எல்லாம் ஒரே ஆளுடையவை. கோரின் தலைக்குள் கிளிண்டனின் கண் மூக்கு வாயை வைத்திருக்கிறார்கள். தலைமுடியும் தலையின் வெளிக்கோடும் மட்டும் கோருடையவை. போதாக்குறைக்கு, அதிபருக்குப் பக்கத்தில் நிற்பவர் துணை அதிபராகத்தானே இருப்பார் என்ற எதிர்பார்ப்பு வேறு. இவை போதும், கண் மூக்கு வாயைச் சரிபார்க்கும் வேலையை மூளை ஏறக்குறைய விட்டுவிடுகிறது.

முகத்தைக் கொண்டுதான் ஆளை அறிகிறோம் என்று நினைக்கிறோம். முடி, காது, தோள், உடை, பக்கத்தில் நிற்பவர், நிற்கும் இடம் இவையெல்லாம் சேர்ந்து 'இன்னார்' என்று தீர்ப்பு எழுதியபின், முகம் சாட்சிக் கையெழுத்து மட்டும் போடுகிறது என்பதுதான் பல நேரங்களில் நிஜம். மொட்டை அடித்துக்கொண்டு வந்த தாத்தாவைப் பார்த்துப் பேரக் குழந்தை அழுவதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்.

சின்ஹா இதோடு நிற்கவில்லை. 2004-ல் டேவிட் காக்ஸ், ஈதன் மேயர்ஸ் ஆகியோருடன் சேர்ந்து இன்னும் ஒரு படி மேலே போனார். இதைப் புரிந்துகொள்ள மூளையின் ஒரு பகுதியை அறிந்துகொள்ள வேண்டும். மூளையின் அடிப்புறத்தில், காதுகளுக்குச் சற்றுப் பின்னே, 'ஃபியூசிஃபார்ம்' எனப்படும் ஒரு நீண்ட மடிப்பு உண்டு. அதில் ஓரிடம், வீடு, பூ, நாற்காலி போன்றவற்றைப் பார்க்கும்போது இருப்பதைவிட முகத்தைப் பார்க்கும்போது மிகத் தீவிரமாகச் செயல்படுகிறது. பெரும்பாலோருக்கு வலப்பக்கத்தில் இது வலுவாகத் தெரியும். 1997-ல் நான்சி கான்விஷரும் கூட்டாளிகளும் இதை விரிவாக நிறுவி, முகத்துக்கான பகுதி என்று பெயரும் இட்டார்கள். இந்தப் பகுதி பழுதுபட்டால் முகம் அறியும் திறன் போய்விடும். மனைவியை அவர் பேசும் குரல் கேட்ட பிறகே அறிபவர்கள் உண்டு. நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸ் தமக்கே பிறவியிலிருந்து இந்தக் குறை இருந்ததை வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர்கள் நடை, குரல், உடை, இடம் இவற்றைக் கொண்டே காலம் தள்ளுகிறார்கள். நாமெல்லாம் துணைக்கு வைத்திருக்கும் சூழலே அவர்களுக்கு முழு ஆதாரம்.

காக்ஸ் குழுவினர் செய்தது இதுதான். ஒரு மனிதரின் படத்தில் முகத்தை மட்டும் அடையாளமே தெரியாதபடி மங்கலாக்கினார்கள். கண்ணும் இல்லை, வாயும் இல்லை, ஒரு வெளிறிய திட்டு மட்டும். அந்தத் திட்டைத் தனியே காட்டியபோது மேற்சொன்ன பகுதி பெரிதாக அசையவில்லை. அதே திட்டை ஒரு உடலின் கழுத்துக்கு மேல் வைத்துக் காட்டியதும், தெளிவான முகத்தைப் பார்த்தது போலவே அது விழித்துக்கொண்டது. திட்டைத் தலை இருக்க வேண்டிய இடத்தில் வைக்காமல் உடலுக்குக் கீழே வைத்தபோது அந்த விழிப்பு இல்லை. ஆக, 'இங்கே முகம் இருக்க வேண்டும்' என்ற கணக்கே முகத்தைப் பார்ப்பதற்கு ஈடான வேலையை மூளையில் நடத்திவிடுகிறது. கண்ணிலிருந்து வரும் செய்தி மூளைக்குள் ஏறும்போதே, மூளையிலிருந்து எதிர்பார்ப்பு இறங்கிவந்து அதைச் சந்திக்கிறது என்று சொல்லலாம். கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து மேடையில் மணமகனின் மாமாவை நாம் 'பார்ப்பது' இந்த முறையில்தான். அந்தத் தூரத்தில் கண்ணுக்குக் கிடைப்பது ஒரு திட்டு.

இது பிறவியிலேயே வந்த ஆற்றலா, பழக்கமா என்ற கேள்விக்கும் தில்லியிலிருந்தே ஒரு பகுதி விடை கிடைத்திருக்கிறது. பிறவிக் கண்புரையால் பல ஆண்டுகள் பார்வையில்லாமல் இருந்த சிறுவர் சிறுமியருக்கு அறுவை சிகிச்சை செய்து, அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்கிறார்கள் என்று ஆராயும் 'பிரகாஷ்' திட்டத்தைச் சின்ஹா நடத்துகிறார். தரியாகஞ்சில் உள்ள ஷ்ராஃப் கண் மருத்துவமனை இதில் பங்கு கொண்டது. கட்டு அவிழ்த்த புதிதில் அந்தக் குழந்தைகளுக்கு 'இது முகம், இது முகமல்ல' என்று படங்களைப் பிரிக்கத் தெரியவில்லை. மாதங்கள் செல்லச் செல்ல அந்தத் திறன் வந்து சேர்ந்தது என்று 2017-ல் வெளியான அவர்களது ஆய்வு சொல்கிறது.

இதுவரை சொன்னது ஆளை அறிவது பற்றி. முகத்தில் ஓடும் உணர்ச்சியை அறிவது இன்னும் சுவையான விஷயம்.

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்கிறோம். சோவியத் திரைப்பட மேதை லெவ் குலெஷோவ், 1910-களின் இறுதியிலோ 1920-களின் தொடக்கத்திலோ, இதைத் தலைகீழாக்கிக் காட்டினார். ஜார் காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த நடிகர் இவான் மொஸ்ஜூகினின் ஒரு பழைய படச்சுருளிலிருந்து, எந்த உணர்ச்சியும் காட்டாத அவருடைய முகத்தை அருகில் காட்டும் துண்டு ஒன்றை எடுத்தார். அதை ஒரு சூப் கிண்ணத்தோடு ஒட்டினார். சவப்பெட்டியில் கிடக்கும் ஒரு பெண்ணோடு ஒட்டினார். பொம்மையோடு விளையாடும் ஒரு சிறுமியோடும் ஒட்டினார். பார்த்தவர்கள், சூப்பைப் பார்க்கும்போது அந்த நடிகரின் கண்ணில் தெரிந்த பசியையும், பிணத்தைப் பார்க்கும்போது தெரிந்த துயரத்தையும், குழந்தையைப் பார்க்கும்போது தெரிந்த கனிவையும் வியந்து பாராட்டினார்களாம். மூன்றும் ஒரே துண்டு! இந்தக் கதையை உலகறியச் சொன்னவர் அவருடைய சீடர் புடோவ்கின். குலெஷோவே பின்னாளில் சொன்ன விவரம் சற்று வேறுபடுகிறது. அந்தப் படச்சுருள் இன்று இல்லை.

படச்சுருள் இல்லாத ஒரு சோதனையை எழுபது எண்பது ஆண்டுகளாகத் திரைப்படப் பள்ளிகள் வேதவாக்காகச் சொல்லிவந்தன. 1992-ல் ஸ்டீபன் பிரின்ஸ், வெய்ன் ஹென்ஸ்லி என்ற இருவர் அதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். பெரும்பாலோர் அந்த முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை என்றே சொல்லிவிட்டார்கள். சோதனை பொய்யா? 2006-ல் டீன் மாப்ஸ் குழுவினரும், 2016-ல் டேனியல் பாரட் குழுவினரும் வேறு முறைகளில் கவனமாகச் செய்தபோது, சூழலுக்கேற்ப முகம் மாறித் தெரிவது உறுதியானது. ஆனால் விளைவு புடோவ்கின் வர்ணித்த அளவுக்குப் பிரமாதமாக இல்லை. என் கணிப்பில் இதுதான் நியாயமான முடிவு. 1920-களில் சினிமாவே புதிது, பார்த்தவர்களும் புதியவர்கள், சொன்னவரோ கதை சொல்வதில் கைதேர்ந்தவர்.

ஹிட்ச்காக் 1964-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் தம் முகத்தையே வைத்து இதை விளக்கினார். அவர் பார்க்கிறார், பிறகு புன்னகை செய்கிறார். நடுவில் குழந்தையோடு ஒரு தாயைக் காட்டினால் அவர் அன்பான பெரியவர். அதை எடுத்துவிட்டு நீச்சலுடையில் ஒரு இளம்பெண்ணைக் காட்டினால், அதே புன்னகையில் அவர் யாராகிவிடுகிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். வியப்பு என்பது இரண்டுங்கெட்டான் உணர்ச்சி. புருவம் உயர்ந்து வாய் திறந்த ஒரு முகம் நல்ல செய்திக்கும் பொருந்தும், கெட்ட செய்திக்கும் பொருந்தும். 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், அத்தகைய முகங்களைக் காட்டுமுன் ஒரு வாக்கியம் சொன்னார்கள்: 'இவர் இப்போதுதான் 500 டாலரைத் தொலைத்தார்', அல்லது 'இவருக்கு இப்போதுதான் 500 டாலர் கிடைத்தது'. ஆபத்தையும் அச்சத்தையும் கவனிக்கும் 'அமிக்டலா' என்ற வாதுமை வடிவப் பகுதி, தொலைத்தவர் என்று சொல்லப்பட்ட முகத்துக்கே அதிகம் கிளர்ந்தது. முகங்களோ ஒரே வகையானவை. ஒரு வாக்கியம் அவ்வளவு ஆழத்துக்கு இறங்குகிறது.

நம் மரபு இதை அறியாததல்ல. திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. ஒன்று பொருட்பாலில், 71-ஆவது. மற்றது காமத்துப்பாலில், 110-ஆவது. அரசவையில் முகக்குறிப்பு அறிவது ஒரு கலை, காதலில் அறிவது வேறொரு கலை என்று பிரித்து எழுதியிருப்பதை நான் இந்தக் கண்ணோடு படிக்கத் தொடங்கியது அண்மையில்தான். பரதநாட்டிய மேடையில் பாருங்கள். ஆடுபவர் கண்ணை அகல விரித்து நிற்கிறார். பின்னணியில் பாடுபவர் பாடும் வரி அதைப் பக்தி ஆக்குகிறது, அடுத்த வரி அதையே ஏக்கம் ஆக்குகிறது. பாட்டை நிறுத்திவிட்டு முகத்தை மட்டும் பார்த்தால் பாதிப் பேர் தடுமாறுவோம்.

தடுமாறுவோம் என்பதைச் சோதித்துக் காட்டியவர் ஹில்லெல் அவியேசர். டென்னிஸ் வீரர்கள் ஒரு முக்கியமான புள்ளியை வென்ற மறுகணமும் தோற்ற மறுகணமும் எடுத்த படங்களை அவரும் கூட்டாளிகளும் சேகரித்தார்கள். முகத்தை மட்டும் வெட்டிக் காட்டியபோது, யார் வென்றார் யார் தோற்றார் என்று பார்வையாளர்களால் சொல்லவே முடியவில்லை. உடலை மட்டும் காட்டியபோது சரியாகச் சொன்னார்கள். முழுப் படத்தைக் காட்டியபோதும் சரியாகச் சொன்னார்கள். ஆனால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்ததாக நம்பினார்கள்! வென்றவர் முகத்தை வெட்டித் தோற்றவர் உடலில் ஒட்டியபோது, முகமே துன்பத்தில் சுருங்கியதாகத் தெரிந்தது. 2012-ல் 'சயன்ஸ்' இதழில் இது வெளியானது.

மெல்லிய உணர்ச்சிகளில்தான் முகம் குழப்பும், பெரிய உணர்ச்சியில் தெளிவாக இருக்கும் என்று நாம் நினைப்போம். நடப்பது நேர்மாறு. உணர்ச்சி உச்சத்தைத் தொடும்போது முகம் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோலக் கோணிவிடுகிறது. மகள் கல்யாணத்தில் மாங்கல்ய தாரணத்தின்போது தாயின் முகத்தை மட்டும் தனியே புகைப்படம் எடுத்துப் பாருங்கள்.

இதே அவியேசர் 2008-ல் செய்த இன்னொரு ஆய்வு, வெறும் 'நினைப்பு' மாறுவதல்ல, பார்வையே மாறுகிறது என்று காட்டியது. அருவருப்பைக் காட்டும் ஒரு முகத்தை, முஷ்டி ஓங்கிய உடலில் ஒட்டினார்கள். பெரும்பாலோர் அதைக் கோபம் என்றார்கள். கண் அசைவைப் பதிவு செய்யும் கருவியை வைத்துப் பார்த்தால், கோப முகத்தைப் பார்க்கும்போது கண்களைச் சுற்றி மேயும் வழக்கத்தையே பார்வை இங்கும் பின்பற்றியது. அருவருப்பு முகத்துக்குரிய, வாயைக் கவனிக்கும் முறையை விட்டுவிட்டது. சூழல் நம் கண்ணைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், பார்க்க வேண்டிய இடத்தை மட்டும் பார்க்க வைக்கிறது.

எவ்வளவு விரைவில்? முகத்தைக் கண்டதும் சுமார் 170 மில்லி வினாடியில் தலையின் பின்பக்கத்தில் ஒரு மின்னலை எழுவதை மின்முனைகளால் அளக்கலாம். முகம் அச்சமூட்டும் காட்சியின் நடுவே இருந்தால் அந்த அலை பெரிதாகிறது என்று 2006-ல் ரிக்கார்ட்டும் பியட்ரிஸ் டி கெல்டரும் கண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் வந்த ஆய்வில், முகமும் உடலும் வெவ்வேறு உணர்ச்சி காட்டும்போது ஏற்படும் முரணை மூளை சுமார் 115 மில்லி வினாடியிலேயே உணர்வது தெரிந்தது. ஒரு வினாடியின் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. 'முதலில் முகத்தை உள்ளபடி பார்த்தேன், பிறகுதான் சூழலோடு சேர்த்து யோசித்தேன்' என்று யாரும் சொல்லிக்கொள்ள இடமே இல்லை.

எல்லாரும் சூழலுக்கு ஒரே அளவு இடம் தருவதில்லை. நடுவில் ஒரு சிறுவன், சுற்றிலும் நான்கு பேர் நிற்கும் ஓவியங்களை மசுடா குழுவினர் ஜப்பானியரிடமும் அமெரிக்கரிடமும் காட்டினார்கள். நடுவில் உள்ளவன் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறான் என்பதே கேள்வி. சுற்றி நிற்பவர்கள் முகம் சுளித்தால், ஜப்பானியருக்கு நடுவில் உள்ளவனின் மகிழ்ச்சியும் குறைந்து தெரிந்தது. அமெரிக்கர்கள் சுற்றி இருப்பவர்களை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. 2008-ல் வெளியான ஆய்வு இது. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த நம்மவர்கள் எந்தப் பக்கம் சாய்வோம் என்று ஊகிப்பது கடினமல்ல.

இனி நான் சொந்தமாக அறிந்த துறைக்கு வருகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் இருந்தவன் நான். ஒவ்வொரு நவம்பரிலும் ஓய்வூதியர்கள் தாம் உயிரோடு இருப்பதற்குச் சான்று தர நேரில் வருவார்கள். வாசலில் நுழையும் நடையிலேயே பெரியவர் யாரென்று தெரிந்துவிடும். கைத்தடி, உடன் வரும் மகள், பாஸ்புக்கை வைத்திருக்கும் பழைய நெகிழிப் பை எல்லாம் அவரைச் சொல்லும். பாஸ்புக்கில் ஒட்டிய படத்தை விதிக்காகப் பார்ப்போம். அதில் பதினைந்து வயது குறைந்த ஒருவர் இருப்பார்.

தெரிந்தவர் விஷயம் இது. தெரியாதவர் புகைப்படத்தோடு வந்தால்? 2011-ல் பிரிட்டனில் ராப் ஜென்கின்ஸ் குழுவினர் 40 புகைப்படங்களைக் கொடுத்து, ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். அவை உண்மையில் இரண்டே பெண்களின் படங்கள், ஆளுக்கு 20. அவர்கள் நெதர்லாந்தில் பிரபலம், பிரிட்டனில் முன்பின் தெரியாதவர்கள். பிரிட்டன்காரர்கள் சராசரியாக ஏழெட்டுக் குவியல்கள் ஆக்கினார்கள். நெதர்லாந்துக்காரர்களில் பெரும்பாலோர் இரண்டே குவியலில் முடித்தார்கள். அறிந்த முகத்தில் நமக்கு உள்ள அபாரத் திறமையை அறியாத முகத்திலும் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டிருக்கிறோம்.

1997-ல் வெளியான இன்னொரு ஆய்வு எங்கள் தொழிலுக்கு நெருக்கமானது. படம் பதித்த கடன் அட்டைகளை ஒரு பேரங்காடியின் காசாளர்களிடம் நீட்டச் செய்தார்கள். வேறொருவர் படம் இருந்த அட்டைகளில் பாதிக்கும் மேல் செல்லுபடியாகிவிட்டன. அட்டை என்ற சூழல், வரிசையில் நிற்கும் சாதாரணத் தோற்றம், நேர்மையாக நீட்டும் கை, இவையெல்லாம் சேர்ந்து படத்தை நியாயப்படுத்திவிடுகின்றன. பழகியவர்களுக்கு இது நேராது என்பீர்கள். 2014-ல் ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டு அலுவலர்களைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 14 தடவை வேற்று ஆளின் படத்தை 'இவரே' என்று ஏற்றார்கள். பணியில் அதிக ஆண்டு இருந்தவர்கள் இளையவர்களைவிடச் சிறப்பாகச் செய்யவும் இல்லை.

2021 நவம்பரில் ஓய்வூதியர் சான்றுக்கு முகம் அறியும் கணினி முறை வந்தது; 2022 டிசம்பரில் தில்லி உள்ளிட்ட மூன்று விமான நிலையங்களில் 'டிஜி யாத்திரா' வந்தது. இந்தக் கருவிகள் முகத்தைப் படத்திலிருந்து வெட்டியெடுத்து, எண்களாக்கி ஒப்பிடுகின்றன. கைத்தடியும் மகளும் அவற்றுக்குத் தெரியாது. அதில் நன்மை உண்டு: மரியாதையான உடையைக் கண்டு அவை மயங்கா. கஷ்டமும் உண்டு: இமை தாழ்ந்து, பல்லும் போன முதியவரை, தெரு முழுக்கத் தெரிந்த ஒருவரை, அவை மூன்று முறை 'பொருந்தவில்லை' என்று திருப்பி அனுப்பக்கூடும். அந்த நேரத்துக்கு ஒரு மனிதரும் கவுண்டரில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வங்கியில் பிசகினால் பணம் போகும். நீதிமன்றத்தில் பிசகினால் ஒருவரின் வாழ்வே போகும்.

ஆஸ்திரேலிய உளவியலாளர் டொனால்ட் தாம்சனுக்கு 1970-களில் நேர்ந்ததை நினைவாற்றல் பற்றிய நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண் அவரைக் குற்றவாளி என்று அடையாளம் காட்டினார். ஆனால் குற்றம் நடந்த நேரத்தில் தாம்சன் தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தாக்கப்படும் முன்பு பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒளிபரப்பைத்தான். முகம் சரியாக நினைவில் நின்றது, அதைப் பார்த்த சூழல் மட்டும் இடம் மாறிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. 'பேருந்தில் கசாப்புக்காரர்' விஷயத்தில் நாம் சிரித்த அதே பிரிவினை இங்கே வேறு உருவில் வந்து நிற்கிறது: பார்த்த உணர்வு உறுதி, எங்கே பார்த்தோம் என்பது காலி. காலியான இடத்தை மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. அமெரிக்காவில் தண்டிக்கப்பட்டு, பின்னர் மரபணுச் சோதனையால் நிரபராதிகள் என்று விடுவிக்கப்பட்ட முதல் 250 பேரின் வழக்குகளைச் சட்டப் பேராசிரியர் பிராண்டன் காரெட் ஆராய்ந்தார். அவற்றில் 190 வழக்குகளில் சாட்சி ஆளை மாற்றி அடையாளம் காட்டியிருந்தார்.

நம் நாட்டில் இதற்கென்றே அடையாள அணிவகுப்பு என்ற முறை இருக்கிறது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்கீழ் இதன் முடிவு ஏற்கப்பட்டுவந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய சட்டத்தில் அது 7-ஆம் பிரிவு. அணிவகுப்பில் அடையாளம் காட்டுவது தன்னளவில் முழுச் சாட்சியம் ஆகாது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதற்கு அது வலுச் சேர்க்கும், அவ்வளவே. நீதிமன்றத்திலோ ஒருவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார், பக்கத்தில் காவலர் நிற்கிறார். குலெஷோவின் சூப் கிண்ணத்தைவிட வலிமையான சூழல் அது. அந்தக் கூண்டில் யார் நின்றாலும் முகத்தில் ஒரு கடுமை தெரியும். ஆகவேதான் அதற்கு முன்பே, சூழலைக் கழற்றிவிட்டு முகத்தை மட்டும் சோதிக்க ஒரு வாய்ப்பை வைத்திருக்கிறார்கள்.

இந்த முறை பலிக்க வேண்டுமானால் அதற்கு முன் சாட்சி அந்த முகத்தை வேறெங்கும் பார்த்திருக்கக் கூடாது. காவல் நிலையத்தில் ஒரு கணம் கதவு வழியே பார்த்தாலும் போதும், அணிவகுப்பில் 'பார்த்த முகம்' என்ற உணர்வு எழும். எங்கே என்பதை மனம் குற்ற இடத்தோடு முடிச்சுப் போடும். முன்கூட்டியே காட்டப்பட்ட பின் செய்யும் அடையாளத்துக்கு மதிப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் கைதான அன்றே செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் படம் வந்துவிடுகிறது. 'என் படத்தை ஏற்கனவே காட்டிவிட்டார்கள்' என்று சொல்லி அணிவகுப்புக்கு வர மறுப்பவர்கள் உண்டு. மறுப்பதையே அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளவும் நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. தொலைக்காட்சியில் குற்றச் செய்தி பார்க்கும்போது காவலர் நடுவே முகத்தில் துணி போட்டு மூடி ஒருவரை இழுத்துச் செல்வதைக் காண்கிறோம். வெட்கத்தால் மூடிக்கொள்கிறார் என்றே பலர் நினைக்கிறார்கள். அந்தத் துணி பெரும்பாலும் வழக்குக்காகப் போடப்பட்டது.

அணிவகுப்பு பெரும்பாலும் சிறை வளாகத்தில், நடுவர் ஒருவர் முன்னிலையில் நடக்கும். விசாரணை செய்யும் காவலர் அங்கே நிற்கக் கூடாது. ஏறக்குறைய ஒரே வயதும் உயரமும் நிறமும் உள்ள பலரோடு அவரை நிறுத்துகிறார்கள். எந்த இடத்தில் நிற்பது, என்ன சட்டை அணிவது என்பதை அவரே மாற்றிக்கொள்ளலாம். முகத்தில் தழும்போ மச்சமோ இருந்தால் அதன் மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, வரிசையில் நிற்கும் மற்றவர்கள் எல்லாருக்கும் அதே இடத்தில் அதே அளவுக் காகிதத்தை ஒட்டிவிட்டு, பிறகுதான் சாட்சியை உள்ளே அழைக்கிறார்கள்.